தன்னைத் தானே சுமக்கும் பல்லக்கு

இறைவனை நாடிச் செல்லும் பயணத்தில் உடல் படும் பாடு வழிபாட்டின் பகுதியா, அல்லது வழிபாடு தொடங்குமுன் கழிந்துபோகும் வெறும் வழிச்செலவா என்ற வினா, குழித்துறையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஆண்டுக்கொரு முறை ஏட்டைவிட்டு இறங்கிச் சாலைக்கு வந்துவிடுகிறது. மகாசிவராத்திரிக்கு முந்தைய நாள் முன்சிறைக்கு அருகிலுள்ள திருமலை மகாதேவர் கோயிலில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகிய ஊர்களின் சிவன் கோயில்களை வணங்கி, மறுநாள் இரவு திருநட்டாலத்தில் நிறைவு செய்யும் வழிபாட்டுக்குச் சிவாலய ஓட்டம் என்று பெயர். பன்னிரண்டு கோயில்களையும் இணைக்கும் வழி ஏறத்தாழ 110 கிலோமீட்டர் நீளமுடையது. காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக, கோவிந்தா கோபாலா என்று கூவியபடி ஓடுபவர்களைக் கோவிந்தன்மார் என்பது வழக்கம். அவர்கள் ஒவ்வொரு கோயிலிலும் நீராடி, ஈர உடையோடு உள்ளே சென்று, கொண்டுவந்த விசிறியால் இறைவனுக்கு வீசி, மீண்டும் ஓடத் தொடங்குகின்றனர். சிவனைக் காண ஓடுபவர்கள் திருமாலின் பெயரை ஏன் கூவுகின்றனர் என்பதற்கு விடை பின்னால் வரும்.

இவ்வழியில் இன்று ஓடுபவர்களோடு சைக்கிளிலும் பைக்கிலும் காரிலும் வேனிலும் செல்பவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்து, ஓடாமல் செய்வது ஓட்டமாகுமா என்று கேட்கும் குரலும் உண்டு. பைக்கும் வேனும் பற்றிய வழக்கை எளிதில் தீர்த்துவிடலாம். அங்கே உடல் உட்கார்ந்திருக்கிறது, எரிபொருள் ஓடுகிறது. சிக்கல் சைக்கிளில்தான். தடித்த டயரும் கியரும் உள்ள மலைப்பாதைச் சைக்கிளில் குழித்துறையிலிருந்து புறப்பட்டு, திற்பரப்பு அருவி, திருநந்திக்கரைக் குகை, பத்மநாபபுரத்தின் கோட்டைச்சுவர், புலியூர்க்குறிச்சியை ஒட்டிய உதயகிரிக் கோட்டை என்று நாட்டுப்புறப் பாதைகளில் பழமையைத் தேடிச் சுற்றும் ஒருவர், தாம் அறியாமலேயே சிவாலய ஓட்டத்தின் வழியில் பெரும்பகுதியை மிதித்து முடித்திருப்பார். அவருக்கு மூச்சு இரைக்கிறது, தொடை வலிக்கிறது, வியர்வை வழிகிறது. ஆனால் அவருடைய கால் மண்ணில் படுவதில்லை. அவர் செய்தது யாத்திரையா, உலாவா?

இந்த வினாவுக்கு ஓட்டத்தின் தொன்மக் கதை எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. மனிதத் தலையும் விலங்கு உடலும் உடைய புருஷாமிருகம் சிவனையன்றி வேறு தெய்வத்தின் பெயரைக் காதில் வாங்கப் பொறுக்காத கடும் சிவபக்தன் என்றும், தருமரின் வேள்விக்காக அதை அழைத்துவர அனுப்பப்பட்ட பீமனிடம் கண்ணன் பன்னிரண்டு உருத்திராக்க மணிகளைக் கொடுத்தான் என்றும் கதை செல்கிறது. பீமன் கோவிந்தன் பெயரைக் கூவுகிறான், சினந்த புருஷாமிருகம் துரத்துகிறது, பிடிபடும் நேரத்தில் பீமன் ஒரு மணியைத் தரையில் இடுகிறான், அது சிவலிங்கமாகிறது, லிங்கத்தைக் கண்ட புருஷாமிருகம் துரத்தலை மறந்து பூசைக்கு நின்றுவிடுகிறது, அதற்குள் பீமன் ஓடிவிடுகிறான். இப்படிப் பதினோரு இடங்கள் கடந்து, பன்னிரண்டாவது இடத்தில், ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள்ளும் மறு கால் வெளியிலுமாகப் பீமன் அகப்படுகிறான். வழக்கு தருமரிடம் வருகிறது. தம்பி என்றும் பாராமல், உடலில் பாதி புருஷாமிருகத்துக்கு உரியது என்று அவர் தீர்ப்பளிக்கிறார். பின்னர் சிவனும் திருமாலும் ஒன்றே என்று உணர்த்தப்பட்டுப் பகை அடங்குகிறது. ஓட்டம் முடியும் திருநட்டாலத்தில் மகாதேவரோடு சங்கரநாராயணருக்கும் கோயில் இருப்பது இக்கதையின் முடிவுக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

இக்கதையில் ஓட்டம் ஒரு தவமாக எங்கும் பேசப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பீமன் உடலை வருத்திப் புண்ணியம் சேர்ப்பதற்காக ஓடவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடுகிறான். வழிபாடு செய்வது ஓடுபவன் அன்று, துரத்துபவன். அதுவும் ஓடும்போது அன்று, நின்றபோது. ஆனால் இன்றைய கோவிந்தன்மார் கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் பீமனைப் போல் ஓடுகின்றனர், கோயிலை அடைந்ததும் புருஷாமிருகத்தைப் போல் நின்று வழிபடுகின்றனர். ஓர் உடலிலேயே துரத்தப்படுபவரும் துரத்துபவரும் பாதிப் பாதியாகக் குடியிருக்கின்றனர். தருமர் பகுத்த உடல் இதுதான் என்று கொள்வதில் பிழையில்லை. அவ்வாறாயின் வழிபாட்டின் உயிர் பன்னிரண்டு நிறுத்தங்களில் இருக்கிறதே தவிர, நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதம் வேனில் வருபவருக்கும் இடம் கொடுத்துவிடும் என்பதுதான் அதன் குறை.

தூரத்தையே அளவுகோலாக்கிய மரபுகளும் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ தே கம்போஸ்தெலா பேராலயத்துக்குச் செல்லும் பழைய யாத்திரை வழி, பொன்ஃபெர்ராதா போன்ற ஊர்களின் கோட்டைகளை ஒட்டிச் செல்வது. அவ்வழியே சைக்கிளில் செல்பவர்கள் ஏராளம். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழைப் பெற, நடப்பவர் குறைந்தது 100 கிலோமீட்டரும் சைக்கிளில் வருபவர் குறைந்தது 200 கிலோமீட்டரும் கடந்திருக்க வேண்டும் என்பது அப்பேராலயத்தின் விதி. மோட்டார் வண்டியில் வருபவருக்குச் சான்றிதழ் கிடையாது. சைக்கிளை யாத்திரை ஊர்தியாக ஏற்றுக்கொண்ட பெருந்தன்மையும், அதன் மதிப்பைச் சரியாகப் பாதியாகக் குறைத்த கணக்குப்பிள்ளைத்தனமும் ஒரே விதியில் சேர்ந்திருக்கின்றன. தருமர் உடலைப் பகுத்தார். பேராலயம் கிலோமீட்டரைப் பகுத்தது. சிவாலய ஓட்டத்தில் இப்படிக் கணக்குப் பார்க்கும் அலுவலகம் இல்லாதது நல்லதே.

தமிழ்ச் சைவ மரபு இவ்வினாவுக்கு ஒரே விடை தந்திருக்கவில்லை என்பதைப் பெரியபுராணத்தின் நான்கு பயணங்கள் காட்டுகின்றன. காரைக்கால் அம்மையார் கயிலையை அடைந்தபோது அம்மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து சென்றார். அங்கே காலே தகுதியற்ற உறுப்பாகிவிடுகிறது. திருநாவுக்கரசர் கயிலையை நோக்கி நடந்து, பாதம் தேய்ந்ததும் கையால் தவழ்ந்து, கை தேய்ந்ததும் மார்பால் ஊர்ந்து, அதுவும் முடியாமல் புரண்டு சென்றார். இத்தனைக்குப் பிறகும் கயிலை மலையை அவர் அடையவில்லை, ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்து அங்கேயே கயிலைக் காட்சியைக் கண்டார். சுந்தரரோ வெள்ளையானை மீதேறிக் கயிலைக்குச் சென்றார். அவருடைய தோழர் சேரமான் பெருமாள் குதிரையில் உடன் சென்றார். உடலைத் தேய்த்தவர் வழியில் நிறுத்தப்பட, ஊர்தியில் ஏறியவர் உள்ளே சென்றார். உடல் வருத்தம் அருளின் விலையாக இருந்தால் இந்தக் கணக்கு எவ்வகையிலும் நேராகாது.

நான்காவது பயணம் திருஞானசம்பந்தருடையது. குழந்தையாக இருந்த அவர் தந்தையின் தோளில் அமர்ந்து செல்வதை விடுத்துத் தம் காலால் நடந்து திருநெல்வாயில் அரத்துறைக்குச் சென்றபோது, அவருடைய வருத்தத்தைக் கண்டு இறைவன் முத்துச் சிவிகை அருளினார் என்பது வரலாறு. சிவிகை என்பது பல்லக்கு. பிற்பாடு அவர் திருப்பூந்துருத்திக்கு அச்சிவிகையில் வந்தபோது, அவரினும் மிக மூத்தவரான திருநாவுக்கரசர், கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்து பல்லக்குத் தாங்குபவர்களுள் ஒருவராகத் தோள் கொடுத்தார். அப்பர் என்று தாம் அழைத்த அவர் எங்கே இருக்கிறார் என்று சம்பந்தர் வினவ, உம் அடிகளைத் தாங்கும் பேறு பெற்று இங்கே இருக்கிறேன் என்ற பொருளில் கீழிருந்து விடை வந்தது; சம்பந்தர் பதறிக் கீழே குதித்தார். அருளால் வந்த பல்லக்கும்கூட யாரோ ஒருவரின் தோளில்தான் வருகிறது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. ஊர்தியைப் பற்றிய சமய வினாவில் மையமானது பயணிக்கு எவ்வளவு வலித்தது என்பதைவிட, அவருடைய எடையை யார் தாங்கினார் என்பதே என்ற எண்ணத்துக்கு அப்பரின் தோள் வழிகாட்டுகிறது.

இதே வினாவைச் சமணர்கள் மிகப் பழங்காலத்திலேயே மிகக் கடுமையாகக் கேட்டுவிட்டனர். மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதறால் குன்றுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் திருச்சாரணத்துமலை. பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் உருவங்கள் அங்கே இன்றும் உள்ளன. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணனின் ஆட்சியில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி அங்குள்ள பட்டாரியாருக்குப் பொன் அணி அளித்ததைக் கல்வெட்டு கூறுகிறது. குரத்தி என்பது பெண் ஆசிரியரைக் குறிக்கும் சொல், பட்டாரியார் என்பது பெண் தெய்வத்தைக் குறிப்பது. சாரணர் என்ற சொல் வான்வழியே செல்லும் ஆற்றல் பெற்ற சமண முனிவர்களைக் குறிப்பது. சிலப்பதிகாரத்திலும் அவர்கள் வருகின்றனர். நினைத்தால் பறக்கக்கூடியவர்களின் பெயரைத் தாங்கிய அக்குன்றில், நடப்பதைத் தவிர வேறு எவ்வகையிலும் பயணம் செய்யாதவர்கள் வாழ்ந்தனர். வண்டியும் விலங்கும் பிற உயிர்களுக்குத் துன்பம் தருபவை என்பதால் சமணத் துறவிக்கு ஊர்தி விலக்கப்பட்டது. நடக்கும்போதும் நான்கு முழ தூரத்துக்கு முன்னால் பார்த்து, எறும்பையும் மிதிக்காமல் அடி வைக்க வேண்டும் என்ற ஒழுக்கத்துக்கு ஈரியா சமிதி என்று பெயர். அவர்களுக்கு நடை என்பது தன்னை வருத்திக்கொள்ளும் வழி என்பதைவிடப் பிறரை வருத்தாதிருக்கும் வழி.

சாரணர் என்ற சொல்லின் வேரும், சைவ சித்தாந்தத்தின் நான்கு நெறிகளில் முதலாவதாகிய சரியை என்ற சொல்லின் வேரும் ஒன்றே: நடத்தல், இயங்குதல் என்று பொருள்படும் வடமொழி வினையடி. சரியை என்பது கோயிலைக் கூட்டுதல், மெழுகுதல், பூத்தொடுத்தல் போன்ற உடலால் செய்யும் தொண்டு. அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் அதே திருநாவுக்கரசர், அவர் கையில் இருப்பது கோயில் வழிகளில் முளைத்த புல்லைச் செதுக்கும் உழவாரப்படை. தம் காலைத் தேய்த்துக்கொண்டதற்காக அன்றி, பிறர் கால் நோகாமல் வழியைச் செதுக்கியதற்காக அவர் சரியையின் உருவமானார். போகிற போக்கில் இன்னொரு சொல்லையும் நினைக்கலாம்: காலைக் குறிக்கும் வடசொல்லும் அடைக்கலத்தைக் குறிக்கும் வடசொல்லும் வெவ்வேறு ஒலிகளில் தொடங்குபவை, தமிழெழுத்து இரண்டையும் சரணம் என்று ஒன்றாக்கிவிட்டது.

யார் தாங்கினார் என்ற இவ்வினாவோடு கோட்டைகளுக்குள் நுழைந்தால் கல் பேசத் தொடங்குகிறது. பன்னிரண்டு கோயில்களுள் ஏழாவதான கல்குளம் நீலகண்டசுவாமி கோயில், 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தின் கோட்டைச்சுவருக்கு உள்ளேயே இருக்கிறது. ஆட்களின் வரவைத் தடுப்பதற்காக எழுப்பிய சுவருக்குள் சிவராத்திரி நாளில் முகமறியாதவர்கள் கூட்டங்கூட்டமாக ஓடி நுழைகின்றனர் என்பது கோட்டையைக் கட்டியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க முடியாத காட்சி. அருகிலுள்ள உதயகிரிக் கோட்டை, 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் பிடிபட்டுப் பின் அவருடைய படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாயின் மேற்பார்வையில் வலுப்படுத்தப்பட்டது. 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு கோட்டைக்குள் கூரையிழந்த சிற்றாலயத்தில் உள்ளது. அத்தளபதியின் பெயர் கல்லில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஊழியம் என்று சொல்லப்பட்ட கூலியில்லாக் கட்டாய வேலை திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. தொண்டு என்று பொருள்படக்கூடிய சொல் இந்நாட்டில் அடிமைவேலையின் பெயராகியிருந்தது என்பதை, சரியையின் பெருமை பேசும் எவரும் மறந்துவிட முடியாது.

டிலனாயிடம் கிறித்தவம் கற்று 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டபிள்ளை, அதாவது 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயம், ஓட்டத்தின் கடைசி ஊரான நட்டாலத்தில் பிறந்தவர். கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலில் அலுவலராக இருந்தவர் என்று அவர் வரலாறு கூறும். 1752இல் காற்றாடிமலையில் கொல்லப்படுமுன், அவரை எருமையின் மீது பின்பக்கம் பார்த்து உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு சென்றனர் என்பது மரபு. ஏறிச் செல்வது பெருமை, நடந்து செல்வது பணிவு என்ற எளிய சமன்பாடு அங்கே உடைந்துபோகிறது. ஊர்தியே தண்டனையாகவும் முடியும். அதுபோலவே, நடப்பவர் எல்லாரும் ஒரே இடத்துக்கு நடந்துசெல்லவும் நெடுங்காலம் முடிந்ததில்லை. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வரும்வரை, இந்நிலத்து மக்களில் பெரும்பகுதியினருக்குப் பன்னிரண்டு கோயில்களின் வாசலும் மூடப்பட்டிருந்தது. அவர்களுடைய கால் எத்தனை கிலோமீட்டர் தேய்ந்தாலும் அது கணக்கில் வந்திருக்காது. உடல் வருத்தத்தைப் புனிதமாக்கும் பேச்சு, யாருடைய உடலுக்கு அப்புனிதம் மறுக்கப்பட்டது என்று கேட்காதபோது அரைப்பேச்சாகவே நின்றுவிடுகிறது.

இப்பின்னணியில் சைக்கிளைப் பார்த்தால் அதன் தனித்தன்மை விளங்கும். யானைக்கும் குதிரைக்கும் வலிக்கும். பல்லக்கு மனிதத் தோளில் அழுந்தும். மோட்டார் வண்டி மண்ணுக்கடியில் புதைந்ததை எரிக்கும். ஏறிச் செல்பவரும் அவரைத் தாங்கி நகர்த்துபவரும் ஒருவராகவே இருக்கும் ஊர்தி சைக்கிள். சம்பந்தரும் அப்பரும் ஒரே உடலில் அமர்ந்த பல்லக்கு என்று அதைச் சொல்லலாம். மிதிவண்டி என்ற தமிழ்ப்பெயர் அதன் சக்கரத்தை விட்டுவிட்டுக் காலின் வினையைப் பிடித்துக்கொண்டது தற்செயலாக இருந்தாலும் பொருத்தமே. கத்தோலிக்கக் குருவாக இருந்து சிந்தனையாளரான இவான் இல்லிச், ஆற்றலும் சமநீதியும் என்று பொருள்படும் தலைப்பில் 1974இல் வெளிவந்த சிறுநூலில், சைக்கிளில் செல்பவர் நடப்பவரைவிட மூன்று நான்கு மடங்கு விரைவாகச் செல்கிறார், ஆனால் அதே தூரத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு ஆற்றலையே செலவிடுகிறார் என்று காட்டி, ஒருவருடைய வேகம் மற்றவரின் நேரத்தைத் திருடாத எல்லை அதுவே என்று வாதிட்டார். சமணத் துறவியின் ஈரியா சமிதிக்கு இக்கால அறிவியல் மொழியில் எழுதப்பட்ட தொலைதூர உரையாக அதைப் படிக்க இடமுண்டு, எறும்பின் பங்கைத் தவிர.

ஆனால் தன்னைத் தானே சுமக்கிறேன் என்ற பெருமிதமும் நெடுநேரம் நிலைப்பதில்லை. திக்குறிச்சியிலிருந்து அருமனை வழியாகத் திற்பரப்புக்கும், குலசேகரம் வழியாகத் திருநந்திக்கரைக்கும் செல்லும் பாதை ரப்பர் தோட்டங்களின் நடுவே ஏறி இறங்குகிறது. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகச் சென்று பால் வெட்டும் தொழிலாளர்களின் நடை, எந்த யாத்திரையிலும் சேர்க்கப்படாத நடை. 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து சைக்கிளில் செல்பவரின் உடலுக்கும் சாலைக்கும் நடுவே இருப்பது அப்பாலிலிருந்து உறைந்த ரப்பர்தான். தோள் கொடுப்பவர் கண்ணுக்குத் தெரியாத தொலைவுக்குப் போயிருக்கிறார்; இல்லாமல் போகவில்லை. சம்பந்தர் குனிந்து பார்த்தவுடன் அப்பர் தெரிந்தார். சைக்கிளில் செல்பவர் குனிந்தால் தெரிவது சங்கிலியும் பல்சக்கரமும்.

மேட்டில் ஏறுவது இவ்வளவு கேள்விகளைத் தருமானால், இறக்கம் வேறொரு கேள்வியைத் தருகிறது. ஏற்றத்தில் ஒவ்வோர் அடியும் மிதிப்பவரின் உழைப்பு. உச்சியைக் கடந்ததும் கால் ஓய்ந்திருக்க வண்டி தானே பாய்கிறது. அவ்வேகம் அவருடைய சம்பாத்தியமா, நிலத்தின் கொடையா? சைவ சித்தாந்தம் உயிரைப் பற்றிய ஆணவ மலம் பக்குவப்படுவதை மலபரிபாகம் என்றும், அப்பக்குவத்தில் இறையருள் பதிவதைச் சத்திநிபாதம் என்றும் கூறும். நிபாதம் என்ற சொல்லுக்கு விழுதல், இறங்குதல் என்றே பொருள். அந்த இறக்கத்தையும் மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று வேகத்தின் சொற்களால் நான்காக வகுத்து, சரியை முதலிய நான்கு நெறிகளோடு இணைத்திருக்கின்றனர். ஏறாதவருக்கு இறக்கம் கிடைப்பதில்லை என்பது உண்மை. ஏறியவர் இறக்கத்தைப் படைக்கவில்லை என்பதும் அதே அளவு உண்மை. முயற்சிக்கும் அருளுக்கும் இடையிலான உறவைச் சொல்ல வைணவர்கள் தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியையும் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் உவமையாக்கி இரு கலைகளாகப் பிரிந்தனர். பொன்மனைப் பக்கத்துக் குன்றுச் சாலைகளில் ஒரே சைக்கிள் அரைமணி நேரத்தில் குரங்குக் குட்டியாகவும் பூனைக்குட்டியாகவும் ஆகிவிடுகிறது.

எனினும் சைக்கிளால் ஆகாத ஒன்று உண்டு, அது விசிறி. கோவிந்தன் கையிலுள்ள விசிறி ஓடிவந்த அவருக்கு வீசிக்கொள்வதற்கு அன்றி இறைவனுக்கு வீசுவதற்கு உரியது. துரத்தலுக்கு அஞ்சி ஓடுபவர் கையில் இன்னொருவரின் வெக்கையைத் தணிக்கும் பொருள் இருக்கிறது. சைக்கிளில் செல்பவரின் இரு கைகளையும் கைப்பிடி வாங்கிக்கொள்கிறது. விசிறியை எடுக்க அவர் இறங்கியாக வேண்டும். நீராட இறங்கியாக வேண்டும். வண்டியை வெளியே சாய்த்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே சென்றாக வேண்டும். பதினொரு முறை ஏறி இறங்குவதும் பன்னிரண்டாம் முறை இறங்கி ஏறாமல் நிற்பதும்தான் அவருடைய ஓட்டம் என்று கொண்டால், பீமனைவிடப் புருஷாமிருகத்துக்கே அவர் நெருக்கமானவர்.

மனிதர் நடந்தும் ஓடியும் மிதித்தும் தெய்வத்தை நாடும் இதே நாட்டில், தெய்வங்கள் ஊர்தியேறி மனிதரின் வழியே செல்லும் நாளும் உண்டு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன், பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி யானை மீதும், வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்குகளிலுமாகக் கோட்டையிலிருந்து புறப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குச் செல்கின்றனர். முதல்நாள் பயணத்தின் முடிவில் அவர்கள் இரவு தங்குமிடம் குழித்துறை மகாதேவர் கோயில். பல்லக்குகள் அங்கே இறக்கி வைக்கப்படுகின்றன, யானை நிற்கிறது, சுமந்து வந்தவர்கள் தோளைத் தடவிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போகின்றனர்.